தையல் அறையில் தொடங்கிய பள்ளி: யூதச் சிறுமியரின் ஆசிரியை சாரா ஷெனிரர்

இன்றைய போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில், 1917-ஆம் ஆண்டு ஒரு தையல் அறை வகுப்பறையாக மாறியது. 25 சிறுமியர் அங்கு வந்து அமர்ந்தனர். அவர்களுக்குப் பாடம் சொல்ல நின்றவர் ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாதவர். அதுநாள்வரை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்துப் பிழைத்தவர். சாரா ஷெனிரர் என்னும் அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 34.

அடுத்த 20 ஆண்டுகளில் போலந்தில் மட்டும் அவரது வழியில் 200-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இயங்கின. 30,000-க்கும் அதிகமான சிறுமியர் அவற்றில் பயின்றனர். 'பைஸ் யாக்கோவ்' என்னும் பெயரில் அப்பள்ளிகள் இன்றும் இஸ்ரேல், அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளில் நடைபெற்று வருகின்றன. வைதிக யூதக் குடும்பங்களில் பெண் குழந்தைகளுக்குச் சமயக் கல்வி அளிப்பது இன்று இயல்பான ஒன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை அவ்வாறு இருக்கவில்லை.

மகனுக்கு வேதம், மகளுக்கு அரசுப் பள்ளி

கிழக்கு ஐரோப்பிய யூதச் சமூகத்தில் ஆண் குழந்தையின் கல்வி மிக இளம் வயதிலேயே தொடங்கிவிடும். எபிரேய எழுத்துகள், பிறகு தோரா எனப்படும் வேதநூல், பிறகு தால்முத் என அது பல ஆண்டுகள் நீளும். மகனின் படிப்புக்காக வயிற்றைக் கட்டிச் செலவிட்ட தந்தையர் ஏராளம். மகளுக்கோ அத்தகைய பள்ளியே கிடையாது. பெண்ணுக்குத் தோராவைக் கற்பிப்பது தகாது என்று தால்முத்தில் இடம்பெற்ற ஒரு கருத்து, தலைமுறை தலைமுறையாக மேற்கோளாகக் காட்டப்பட்டு வந்தது. தாயைப் பார்த்து மகள் கற்றுக்கொள்வாள் என்பதே பொது நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை உடைத்தது அரசின் சட்டம். கிராக்கோவ் அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தில் இருந்தது. கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, வைதிகப் பெற்றோர் தம் மகன்களை எப்படியாவது அதிலிருந்து விலக்கி வைக்க முயன்றனர்; மகள்களைத் தயக்கமின்றி அரசுப் பள்ளிக்கு அனுப்பினர். அதன் விளைவை அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. மகள்கள் போலிஷ் மொழியில் பேசினர், நாவல்கள் படித்தனர், நாடகம் பார்த்தனர். வீட்டில் நடந்த சடங்குகளின் பொருள் அவர்களுக்கு விளங்கவில்லை. அதை விளக்கிச் சொல்வாரும் இல்லை. 1900-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கலீசியாவின் வைதிக யூதக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் பலர் வீட்டைவிட்டு வெளியேறிக் கிறிஸ்தவக் கன்னியர் மடங்களில் தஞ்சம் புகுந்த செய்திகள், நீதிமன்றம் வரை சென்று பெரும் பரபரப்பை ஏற்படுத்தின.

கிராக்கோவில் 1903-இல் கூடிய ரபிகள் மாநாட்டில், மகள்களின் கல்வி குறித்து ஒருவர் கவலை தெரிவித்தார். அவரது யோசனை எடுபடவில்லை. தீர்வு மாநாட்டு மேடையிலிருந்து வராமல், அதே நகரத்துத் தையற்காரரிடமிருந்து வந்தது என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

நாட்குறிப்பின் மொழி

சாரா 1883 ஜூலையில் பிறந்தார். தந்தை பெட்சலேல், பெல்ஸ் மரபின் ஹசிதிய குருவைப் பின்பற்றிய எளிய வணிகர். மகள் அரசுப் பள்ளியில் படித்தாள். சமயப் பற்றினால் தோழியரின் கேலிக்கும் ஆளானாள். குடும்பத்தின் வறுமை காரணமாக, தொடக்கக் கல்வியுடன் படிப்பு நின்றது. பகலில் தையல் வேலை, இரவில் இட்டிஷ் மொழியில் அமைந்த சமய நூல்கள் என்று அவரது இளமை கழிந்தது.

அக்காலத்தில் அவர் கண்ட காட்சிகள் பின்னாளில் அவரது எழுத்தில் இடம்பெற்றன. பெருநாள் நெருங்கும்போது தந்தையரும் மகன்களும் ரயிலேறித் தத்தம் குருவிடம் செல்வார்கள். தாயும் மகள்களும் வீட்டில் தங்கிவிடுவார்கள். பண்டிகையின் உள்ளடக்கம் ஆண்களோடு ஊரைவிட்டுப் போய்விடும். ஒருமுறை வெள்ளிக்கிழமை இரவு, உறவுக்காரப் பெண்ணின் அழைப்பை ஏற்று யூதப் பெண்கள் சங்கக் கூட்டம் ஒன்றுக்குச் சென்றார். ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்பது யூதர்களின் அடிப்படை விதி. அங்கே சங்கத்தைச் சேர்ந்த பெண் ஒருவரே விளக்கை ஏற்றியதைக் கண்டு அவர் அதிர்ந்து போனார். தம்மிடம் உடை தைக்க வரும் பெண்கள் துணியின் அளவிலும் அழகிலும் இத்தனை அக்கறை காட்டும்போது, உள்ளத்துக்கு உடுத்துவது பற்றி ஏன் நினைப்பதில்லை என்ற கேள்வி அவரை வாட்டியது.

அவரது முதல் திருமணம் மகிழ்ச்சியாக அமையவில்லை. சில ஆண்டுகளிலேயே மணமுறிவில் முடிந்தது. இயக்கத்தார் எழுதிய பழைய வாழ்க்கை வரலாறுகள் இதைப் பெரும்பாலும் பேசாமல் கடந்துவிடுகின்றன. பிற்கால ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்த அவரது நாட்குறிப்பில் அந்தத் துயரம் பதிவாகியுள்ளது. அந்த நாட்குறிப்பை அவர் எழுதிய மொழி போலிஷ். எந்தப் பண்பாட்டின் ஈர்ப்பிலிருந்து சிறுமியரை மீட்க முனைந்தாரோ, அதன் மொழியில்தான் தம் மனத்தைத் தனிமையில் திறந்தார். அந்தப் பெண்களின் மனநிலையை ரபிகளைவிட அவர் நன்கு அறிந்திருந்ததற்கு வேறு சான்று தேவையில்லை.

வியன்னாவில் கேட்ட உரை

முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல், ரஷ்யப் படையின் முன்னேற்றத்துக்கு அஞ்சிக் கலீசிய யூதர்கள் ஆயிரக்கணக்கில் வியன்னாவுக்கு ஓடினர். சாராவும் அவர்களில் ஒருவர். அங்கே ஷ்டும்பர்காசே தெருத் தொழுகைக்கூடத்தில், ஹனுக்கா விழாவின்போது ரபி மோஷே ஃப்ளெஷ் ஆற்றிய உரையைக் கேட்டார். பகைத் தளபதியை வீழ்த்தித் தன் மக்களைக் காத்த யூதித் என்னும் பெண்ணைப் பற்றியது அந்த உரை. ஒரு ரபி பெண்களை முன்னிறுத்திப் பேசியதே அவருக்குப் புதுமை. ஜெர்மனியில் சாம்சன் ரபேல் ஹிர்ஷ் வகுத்த வழி, வைதிக நெறியையும் நவீனக் கல்வியையும் இணைத்துச் சென்றது; அங்கு பெண்களுக்கும் பள்ளி இருந்தது. அந்த மரபில் வந்தவர் ஃப்ளெஷ். சாரா தொடர்ந்து அவரது உரைகளுக்குச் சென்று குறிப்பெடுத்தார். கிராக்கோவின் பெண்கள் இதைக் கேட்க வேண்டுமே என்ற ஏக்கம் அவருக்குள் வளர்ந்தது.

1915-இல் ஊர் திரும்பியதும் அவர் முதலில் அணுகியது இளம்பெண்களை. கூட்டம் நடத்தினார், நூலகம் அமைத்தார். தாய்மார்கள் ஆர்வத்துடன் கேட்டனர். மகள்களோ வந்தார்கள், கேட்டார்கள், உதட்டோரம் சிரித்துவிட்டுப் போனார்கள். மனம் முதிர்ந்துவிட்டவர்களை மாற்றுவது கடினம் என்பதை அந்தத் தோல்வி அவருக்கு உணர்த்தியது. ஆறேழு வயதுக் குழந்தையிடமிருந்து தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இம்முயற்சியை முதலில் கேலி செய்த அண்ணனே, பின்னர் பெல்ஸ் குருவிடம் அனுமதி கேட்கலாம் என்றார். குரு அப்போது மாரியன்பாத் நகரில் தங்கியிருந்தார். கையில் பணமில்லாத நிலையிலும் சாரா அங்கே பயணமானார். யூத மகள்களைச் சமய நெறியில் வழிநடத்தத் தன் தங்கை விரும்புகிறாள் என்ற வேண்டுகோளை அண்ணன் குருவிடம் சமர்ப்பித்தார். இரண்டே சொற்களில் ஆசி கிடைத்தது. அந்த இரு சொற்கள்தாம் பள்ளிக்கு அரணாக நின்றன. குருவின் வாழ்த்துடன் வந்தவரைப் புதுமைக்காரி என்று எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

பாடமும் பரவலும்

காலையில் அரசுப் பள்ளி, பிற்பகலில் பைஸ் யாக்கோவ். பெரும்பாலான சிறுமியர் இந்த முறையில்தான் பயின்றனர். உணவுக்கு முன்னும் பின்னும் சொல்லும் ஆசிமொழிகள், தினசரி வழிபாட்டின் பொருள், ஓய்வுநாள் விதிகள், உரையுடன் கூடிய தோரா, சங்கீதங்கள், இட்டிஷ் மொழி ஆகியவை பாடங்கள். தால்முத் சேர்க்கப்படவில்லை, அந்த எல்லையைத் தாண்ட அவர் முயலவும் இல்லை. சிறுமியர் நடிப்பதற்காக அவரே நாடகங்கள் எழுதினார். யூதித் கதையும் அவற்றில் ஒன்று.

பள்ளியின் பெயரிலேயே ஒரு வாதம் அடங்கியிருக்கிறது. பைஸ் யாக்கோவ் என்றால் யாக்கோபின் வீடு. யாத்திராகம நூலில், சீனாய் மலையில் திருச்சட்டம் அருளப்படும் முன், யாக்கோபின் வீட்டாருக்கு அதை அறிவிக்குமாறு மோசேக்குக் கட்டளை வருகிறது. அந்தத் தொடர் பெண்களைக் குறிக்கிறது என்று பண்டைய உரையாசிரியர்கள் விளக்கியிருந்தனர். பெண்களுக்கே முதலில் சொல்லப்பட்டது என்றால், அவர்களுக்குக் கற்பிப்பது எப்படித் தவறாகும்?

மாணவியர் எண்ணிக்கை விரைவில் 40 ஆனது. பிற ஊர்கள் ஆசிரியைகளைக் கேட்டபோது, கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது சொந்த மாணவியர் மட்டுமே. பதின்ம வயதின் தொடக்கத்தில் இருந்த சிறுமியரே ஆசிரியைகளாக அனுப்பப்பட்டனர். சாரா ஒவ்வோர் ஊருக்கும் சென்று தாய்மார்களிடம் பேசுவார், குழு அமைப்பார், ஓர் இளம் ஆசிரியையை அங்கே விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவார். இன்று கேட்பதற்கு வியப்பாக இருக்கும் இந்த ஏற்பாடு, நடைமுறையில் பலன் தந்தது.

தனியொருவரால் தாங்க இயலாத அளவுக்குப் பணி பெருகியபோது, அகுதாத் இஸ்ரேல் என்னும் வைதிக யூதர் அமைப்பு பொறுப்பேற்றது. 1923-இல் வியன்னாவில் நடந்த அதன் உலக மாநாட்டுக்குப் பின் நிதியும் நிர்வாகமும் வலுப்பெற்றன. லியோ டாய்ச்லேண்டர் என்ற கல்வியாளர் பாடத்திட்டத்தை ஒழுங்குபடுத்தினார். ஜெர்மனியிலிருந்து யூதித் ரோசன்பாம் போன்ற பட்டம் பெற்ற இளம் ஆசிரியைகள் வந்தனர். கிராக்கோவின் ஸ்தானிஸ்லாவா தெருவில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு 1927-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நிர்வாகம் கைமாறிய பிறகு சாரா பதவிக்குப் போட்டியிடவில்லை. மாணவியர் அவரை அன்னை சாரா என்றே அழைத்தனர். அவருக்குச் சொந்தக் குழந்தைகள் இல்லை.

எதிர்ப்பு முற்றிலும் அடங்கிவிடவில்லை. பெண்ணுக்கு வேதம் கற்பிக்கலாமா என்ற பழைய கேள்வி ஊர்தோறும் எழுந்தது. கோஃபெட்ஸ் கயிம் என்று போற்றப்பட்ட முதுபெரும் அறிஞர் ரபி இஸ்ரேல் மேயர் காகான், தம் இறுதி ஆண்டான 1933-இல் இப்பள்ளிகளை ஆதரித்துக் கடிதம் எழுதினார். முன்னோர் மரபு வீட்டில் உறுதியாக இருந்த காலத்தின் தடை, அது தளர்ந்துவிட்ட காலத்துக்குப் பொருந்தாது என்பது அவரது நிலைப்பாடு. சாரா செய்ததைப் புரட்சி என்று அழைப்போர் உண்டு. அச்சொல்லை அவரே ஏற்றிருப்பாரா என்பது ஐயம்தான். மனைவியாகவும் தாயாகவும் பெண் ஆற்றும் பங்கை அவர் கேள்வி கேட்கவில்லை. அந்தப் பங்கை அறியாமையில் ஆற்றச் சொல்வதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

பிற்காலத்தில் அவர் மறுமணம் செய்துகொண்டார். 1933-இல் அவரது எழுத்துகள் இட்டிஷ் மொழியில் தொகுக்கப்பட்டு வெளிவந்தன. புற்றுநோயால் பாதிக்கப்பட்டு, 1935 மார்ச் 1 அன்று, 51-ஆம் வயதில் காலமானார்.

நான்கே ஆண்டுகளில் ஜெர்மனியின் நாஜிப் படை போலந்தில் நுழைந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியைகளிலும் மாணவியரிலும் மிகப் பலர் கொல்லப்பட்டனர். அவரிடம் பயின்ற விக்னா கப்லான், போருக்கு முன்பே அமெரிக்கா சென்றிருந்தார். 1938-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு சில மாணவியரை அமரவைத்து அவர் தொடங்கிய வகுப்பு, அந்நாட்டில் இயக்கத்தின் முதல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது.

சாரா அடக்கம் செய்யப்பட்ட கிராக்கோவ் கல்லறைத் தோட்டத்தை நாஜிகள் இடித்து, அதன்மேல் பிளாஷோவ் வதைமுகாமை அமைத்தனர். அவரது கல்லறைக் கல்லும் அழிந்தது. பின்னாளில் அங்கே புதிய கல் நாட்டப்பட்டது. வெளிநாடுகளில் உள்ள பைஸ் யாக்கோவ் பள்ளிகளின் மாணவியர் ஆண்டுதோறும் அங்கு வந்து, சங்கீதங்களை ஓதிச் செல்கின்றனர்.