பாறையைப் படித்த அம்மையார்

கடலோரப் பாறைகளிற் படிந்த கறையை வெறும் அழுக்கென்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். மற்றில்டா நோல்ஸ் அம்மையாரின் வரலாற்றை அறிந்த பின்னரே அவ்வெண்ணம் என்னைவிட்டு அகன்றது.

அயர்லாந்தின் வடபாலுள்ள அன்ட்ரிம் பகுதியில் 1864ஆம் ஆண்டிற் பிறந்தவர் அவர். 1902இல் டப்ளின் நகர அரும்பொருட்சாலையில் தற்காலிக உதவியாளராக அமர்ந்து, உலர்தாவரங்களைப் பேணும் பணியை மேற்கொண்டார். 1909இல் தொடங்கிய கிளயர்த் தீவு ஆய்வு, அவர் கருத்தை இலைக்கன்களின்பால் ஈர்த்தது. பங்கசும் அல்காவும் ஓருடலாய் இணைந்து வாழ்வனவே இலைக்கன்கள். சமையலுக்குதவும் கல்பாசியும் அவ்வினத்ததே.

டப்ளினுக்கு அணித்தான ஹௌத் கரையை ஆராய்ந்து 1913இல் அவர் கட்டுரையொன்றை வெளியிட்டார். அலையை அடுத்துக் கருமை, அதன்மேற் செம்மஞ்சள், அதற்கும் மேலே சாம்பல் என இலைக்கன்கள் பட்டைபட்டையாய் வளர்தலை முதன்முதல் எடுத்துரைத்தவர் அவரே. எத்தனையோ பேர் நாள்தோறும் கண்டும் காணாத ஒழுங்கு அது!

நாளடைவில் அவர்தம் செவிப்புலன் குன்றிற்று. குழற்கருவியைக் காதில் வைத்தே பிறர் பேச்சைக் கேட்டார். எனினும் கண்ணும் கையும் ஓயவில்லை. 1929இல் வெளிவந்த அவரது பெருநூல், அயர்லாந்தின் இலைக்கன்களுள் 800க்கு மேற்பட்டவற்றைப் பதிவுசெய்தது. அவற்றுள் ஏறக்குறைய 100, அந்நாட்டில் முன்னர் அறியப்படாதவை. 1933இல் அம்மையார் மறைந்தார்.

இப்பொழுதெல்லாம் கடற்பாறையில் அடிவைக்குமுன் சற்றே நின்று நோக்குகின்றேன். அவ்வாறு நின்று நோக்கும் பொறுமை நம் சிறாருக்கும் வாய்க்குமாக.