ஒரு வெள்ளியில் எழுந்த நூல் நிலையம்
தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்களின் வாழ்வும் பணியும்

கல்விக்குப் பொருள் ஈவது நம் வணிகப் பெருமக்களுக்குப் புதிதன்று. மதரஸாவுக்கும் பள்ளிவாசலுக்கும் ஏழை மாணவரின் படிப்புக்கும் கை சுருக்காமல் கொடுத்து வரும் சமூகம் நம்முடையது. ஆயினும், நூல் நிலையத்துக்கென்று நன்கொடை கேட்டு நம் கடைவாசலில் வந்து நிற்பவர் அரிது. கேட்பார் இல்லாமையால் கொடுப்பாரும் இல்லை. ஆகவே, இந்நாட்டில் நூல் நிலையத்துக்காகவே மக்கள் முன் கையேந்தி நின்ற ஒருவரின் வரலாற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

கோ. சாரங்கபாணி அவர்கள் 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் தஞ்சைத் தரணியிலுள்ள திருவாரூரில் பிறந்தார். இருபத்தொன்றாம் வயதில், 1924-இல், பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். நம் முன்னோர் கப்பலேறி வந்தது போன்றே அவரும் வந்தார்; பெருஞ் செல்வம் எதுவும் அவரிடம் இல்லை.

1929-ஆம் ஆண்டு இறுதியில் ஈ. வெ. ரா. பெரியார் மலாயாவுக்கு வருகை புரிந்தார். சீர்திருத்தக் கருத்துக்கள் இந்நாட்டுத் தமிழரிடையே வேகமாகப் பரவின. சாரங்கபாணி அவர்களும் அவ்வியக்கத்தில் ஈடுபட்டு, ‘முன்னேற்றம்’ என்னும் ஏட்டின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935 ஜூலை 6-ஆம் நாள் ‘தமிழ் முரசு’ வார ஏடாக வெளிவந்தது. அதன் விலை ஒரே ஒரு காசு. ஏழைத் தொழிலாளியும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதே நோக்கம். ஏடு பின்னர் நாளிதழாக வளர்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் நின்று, போருக்குப் பின் மீண்டும் தலைதூக்கியது.

சமயத் துறையில் அவர் கொண்டிருந்த கொள்கை வேறு. நாம் கொண்டிருக்கும் ஈமான் வேறு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழருள் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேற்றுமையின்றி எல்லோரையும் ஒரு பந்தலில் கூட்ட முயன்றவர் அவர். 1952 முதல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கொண்டாடப்பட்ட தமிழர் திருநாள் அம்முயற்சியின் பயன். 1957-இல் சிங்கப்பூரில் குடியுரிமைப் பதிவு தொடங்கியபோது, தயங்கி நின்ற இந்தியரைத் தம் ஏட்டின் வாயிலாக ஓயாது தூண்டிப் பதிவு செய்யச் செய்தவரும் அவரே. சீனப் பெண்மணி ஒருவரை மணந்து இல்லறம் நடத்தியவர்; இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர்.

இனி, நம் கட்டுரையின் கருப்பொருளுக்கு வருவோம்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. அங்கே இந்திய ஆய்வுக்கென ஒரு துறை அமைக்கும் ஏற்பாடு 1950-களில் நடந்தது. அத்துறைக்கு அடிப்படை மொழி எது என்ற கேள்வி எழுந்தது. சமஸ்கிருதமே தக்கது என்பது ஒரு சாராரின் கருத்து. இந்நாட்டில் வாழும் இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் மக்களின் மொழிக்கு இடமில்லாத துறை யாருக்காக என்று வாதாடினார் சாரங்கபாணி. தமிழ் முரசு இதை ஓர் இயக்கமாகவே நடத்தியது. முடிவில் தமிழுக்கு இடம் கிடைத்தது.

வாதத்தில் வென்றவர் அத்துடன் வீட்டுக்குப் போய்விடவில்லை. நூல் இல்லாத தமிழ்த் துறை, சரக்கில்லாத கடையைப் போன்றது. பெயர்ப் பலகை மட்டும் தொங்கினால் எவர் உள்ளே வருவார்? எனவே அத்துறையின் தமிழ் நூல் நிலையத்துக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் ஒரு நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்பதே அவர் வேண்டுகோள்.

அன்று ஒரு வெள்ளி என்பது ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவருக்குச் சிறு தொகை அன்று. வீட்டில் உலை ஏறுவதற்கு உதவும் பணம். பல்கலைக்கழகத்தின் வாயிலையும் மிதித்தறியாதவர்கள், தாம் ஒருநாளும் திறந்து பார்க்கப் போகாத நூல்களுக்காக அதைக் கொடுத்தார்கள். தம் பிள்ளை இல்லாவிடினும், தம் இனத்துப் பிள்ளை ஒன்று அங்கே அமர்ந்து படிக்கட்டும் என்று கொடுத்தார்கள்.

நான்கு செல்வரிடம் ஆயிரக் கணக்கில் வாங்கியிருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும். ஆனால் அப்படி வாங்கியிருந்தால், நூல் நிலையம் அந்த நால்வருடையதாகவே இருந்திருக்கும். ஒரு வெள்ளி கொடுத்தவன் ஒவ்வொருவனும் இது எனது என்று சொல்ல உரிமை பெற்றான். அவ்வுரிமையே அத்துறைக்கு உறுதியான அரணாயிற்று. ஆயிரமாயிரம் பேர் பொருள் கொடுத்து நிறுத்திய ஒன்றைத் தேவையில்லை என்று தள்ளிவிடுவது எளிதன்று.

1956-இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்டது. 1959-இல் அது கோலாலம்பூருக்கு மாறியது. 1961-இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றதற்கு அவரே முன்னின்றார். அத்துறை இன்றும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இயங்கி வருகிறது. தோட்டத்து வெள்ளி எத்துணை தூரம் சென்றது பாருங்கள்!

தமிழகத்திலோ 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்த்து வாங்கப்பட்டது. இங்கே தமிழ் நூலுக்கு அத்தகைய வரி ஏதும் இல்லை. சட்டம் செய்யாததை மக்களே செய்து கொண்டார்கள்.

நம் சமூகத்தாரும் இவ்வகைப் பணியில் பின்தங்கியவர் அல்லர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரால், சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946-இல் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினார்கள். எல்லாச் சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே பயின்றார்கள். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்து, 1982 வரை நடைபெற்றது.

சாரங்கபாணி அவர்கள் 1974 மார்ச் 16-ஆம் நாள் காலமானார்கள். அவர் வளர்த்த தமிழ் முரசு இன்றும் சிங்கப்பூரில் வெளிவருகிறது.

அன்பர்களே! செகிஞ்சானின் வயல்வெளியிலிருந்து தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் வரை நம் நிலைமையை எண்ணிப் பாருங்கள். தோட்டங்கள் பல கைமாறிவிட்டன. மக்கள் பட்டணம் நோக்கிப் போய்விட்டனர். எஞ்சிய பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி உண்டு. பள்ளி விட்டபின் படிக்க ஒரு தமிழ் நூல் கிடைப்பதோ அரிது. பொது நூல் நிலையத்துக்குக் கட்டடமும் சிப்பந்திகளும் அரசு தரும். தமிழ் நூல்களையும், சிறுவர் வாசிப்பு வகுப்பையும், கிழிந்த நூலைக் கட்டும் செலவையும் ஆதரவாளர் குழு ஒன்று ஏற்றுக்கொண்டால் போதும்.

வணிகருக்கு வழிமுறை சொல்ல வேண்டியதில்லை, எனினும் நினைவூட்டுகிறோம். முதலில் நூல் நிலையத்தாருடன் எழுத்தில் உடன்பாடு செய்து கொள்ளுங்கள்; இல்லையேல் கொடுத்த நூல்கள் பெட்டியிலேயே கிடக்கும். நிதிக்குத் தனிக் கணக்கு, இருவர் கையொப்பம், ஒரு வெள்ளிக்கும் ரசீது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு அறிவிப்பு ஆகிய நான்கும் தவறக் கூடாது. கொடுத்தவர் விருப்பத்தைவிடப் படிப்பவர் தேவையே நூலைத் தீர்மானிக்கட்டும். பெரிய தொகை கொடுப்பவரும் கொடுக்கட்டும். ஆனால் ஒரு வெள்ளி கொடுப்பவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஓதுக என்ற கட்டளையுடன் தொடங்கிய மார்க்கம் நம்முடையது. மனிதன் மறைந்த பின்னும் நன்மை வந்து சேரும் அறங்களுள், பிறர் பயன் பெறும் கல்வியும் ஒன்று என்பதை நாம் அறிவோம். கடைக் கல்லாவிலிருந்து மாதம் ஒரு வெள்ளி எடுத்து வைப்பதால் எவருடைய வியாபாரமும் குன்றிவிடாது. அல்லாஹ் நம் உள்ளங்களை விரிவாக்கி அருள்வானாக. ஆமீன்.