எழுதுகோல் உழைப்பாளி பிரேம்சந்த்

திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் 'அல்கலம்' என்று பெயர் பெற்றது. கலம் என்னும் அரபுச் சொல் எழுதுகோலைக் குறிக்கும். அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக அருளப்பெற்ற வசனங்களிலும் எழுதுகோலைக் கொண்டு கற்பித்தல் பேசப்படுகிறது. எழுத்தை இத்துணை உயர்வாகப் போற்றும் மரபில் வந்த நாம், எழுதுவோரின் வாழ்வைப் பற்றி எண்ணிப் பார்ப்பது குறைவு. நம் மாணவருள் கதையும் கவிதையும் எழுதுவோர் பலர் உளர். எழுத்து சோறு போடுமா என்பதே இல்லங்களில் அவர்களை நோக்கிக் கேட்கப்படும் முதற்கேள்வி. இக்கேள்வி நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. பிள்ளைகளின் நலம் நாடும் பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வியே அது.

இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்தவர் ஒருவர் உண்டு. உருதுவிலும் இந்தியிலும் ஏறத்தாழ 300 சிறுகதைகளும் பத்துக்கு மேற்பட்ட நாவல்களும் படைத்த முன்ஷி பிரேம்சந்த் அவர். அவர் எழுத்தாளரான வரலாற்றையும், எழுத்தாளராக வாழ்ந்த வரலாற்றையும் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

மதரஸாவும் புகையிலைக் கடையும்

பிரேம்சந்த் 1880ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், வாரணாசிக்கு அருகிலுள்ள லம்ஹி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தன்பத் ராய். செல்வத்திற்கு அதிபதி என்பது அதன் பொருள். உறவினர் ஒருவர் அவரை நவாப் என்று செல்லமாக அழைத்து வந்தார். செல்வத்தைச் சுட்டும் பெயர்கள் இரண்டு வாய்த்தும், செல்வம் அவரை என்றும் நெருங்கவில்லை. தந்தையார் அஜாயிப் லால் அஞ்சலகத்தில் எழுத்தர். அன்னையார் ஆனந்தி தேவி, மகன் சிறுவனாக இருக்கும்போதே மறைந்தார்.

அண்டை ஊரான லால்பூரில் மௌலவி ஒருவரிடம் தன்பத் ராய் உருதுவும் பாரசீகமும் கற்றார். அம்மௌலவி தையல் தொழில் செய்து பிழைத்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித் தந்தவர். ஓர் இந்துக் குடும்பத்துச் சிறுவனுக்கு எழுத்தறிவித்த முதல் ஆசான் ஒரு முஸ்லிம் பெரியவர் என்பது அந்நாளில் வடநாட்டில் இயல்பாக நிகழ்ந்த ஒன்று. பிற்கால நாவலாசிரியரின் நடைக்கு அடிப்படை அந்தச் சிறிய மதரஸாவிலேயே அமைந்தது.

தந்தையாரின் பணி காரணமாகக் குடும்பம் கோரக்பூருக்குச் சென்றது. தந்தையார் மறுமணம் செய்திருந்தார். வீட்டில் அன்பு காணாத சிறுவன் நூல்களிடம் அடைக்கலம் புகுந்தான். புகையிலைக் கடை ஒன்றில் நண்பர்களோடு அமர்ந்து, 'தில்ஸ்மே ஹோஷ்ருபா' என்னும் மாயக்கதைத் தொகுதிகள் படிக்கப்படுவதைக் கேட்டான். நூல் வாங்கக் கையில் காசில்லை. எனவே புத்தகக் கடைக்காரர் ஒருவருக்காகப் பாடநூல் உரைகளைப் பள்ளி மாணவர்களிடம் விற்றுத் தந்து, அதற்கு ஈடாகக் கடையிலிருந்த உருது நாவல்களை எடுத்துச் சென்று படித்தான். ரத்தன்நாத் சர்ஷார், அப்துல் ஹலீம் ஷரர் முதலியோரின் படைப்புகள் இவ்வாறே அறிமுகமாயின. நூலுக்கு விலையாக உழைப்பைத் தரும் பழக்கம் அங்கே தொடங்கியது எனலாம்.

அவர் முதன்முதலாக எழுதியது ஒரு கேலி நாடகம். தம்மை எப்போதும் கண்டித்து வந்த உறவினர் ஒருவர் அவமானப்பட்ட நிகழ்ச்சியை அதில் நகையாடியிருந்தார். அதனைக் கண்ட உறவினர் சொல்லாமல் ஊரைவிட்டே சென்றுவிட்டார். கையெழுத்துப் படியும் அவருடனேயே மறைந்தது. எழுத்துக்கு ஓர் ஆற்றல் உண்டு என்பதைச் சிறுவன் உணர்ந்த முதல் தருணம் இதுவாகலாம்.

கணக்கு நூலின் விலை

பதினைந்தாம் வயதிலேயே தந்தையார் மகனுக்குத் திருமணம் செய்துவைத்தார். அம்மணம் ஒத்துவராமல் பின்னாளில் பிரிவில் முடிந்தது. 1897இல் தந்தையாரும் மறைந்தார். சிற்றன்னை முதலியோரைக் காக்கும் பொறுப்பு மாணவரின் தலையில் விழுந்தது. வாரணாசியில் வழக்கறிஞர் ஒருவரின் மகனுக்குப் பாடம் சொல்லி மாதம் 5 ரூபாய் பெற்றார். குதிரை லாயத்தின் மேலிருந்த சிறு அறையில் தங்கினார். பெற்ற தொகையில் பாதியளவு வீட்டுக்குச் சென்றது.

பள்ளியிறுதித் தேர்வில் இரண்டாம் வகுப்பில் தேறியதால் கல்லூரியில் கட்டணச் சலுகை கிடைக்கவில்லை. கணக்குப் பாடம் அவருக்கு இறுதிவரை பகையாகவே இருந்தது. ஒருநாள் உணவுக்கும் வழியின்றித் தம் கணக்கு நூலை விற்க ஒரு கடைக்குச் சென்றார். 2 ரூபாய்க்கு வாங்கிய நூல் 1 ரூபாய்க்கு விலைபோயிற்று. அக்கடையில் நின்றிருந்த தலைமையாசிரியர் ஒருவர் இளைஞரின் நிலையறிந்து மாதம் 18 ரூபாய் ஊதியத்தில் ஆசிரியப் பணி தந்தார். 1899இல் சுனார் என்னும் ஊரில் அப்பணி தொடங்கியது. மறு ஆண்டு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. மனந்தளராது பயின்று 1919இல் தம் 39ஆம் வயதில் அவர் பி.ஏ. பட்டம் பெற்றார் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தீக்கிரையான நூல்

ஆசிரியப் பணிக்கிடையே நவாப் ராய் என்னும் பெயரில் எழுதத் தொடங்கினார். முதல் நாவல் 1903 முதல் வாரணாசி உருது வார இதழ் ஒன்றில் தொடராக வந்தது. கான்பூரில் பணியாற்றிய காலத்தில் 'ஜமானா' இதழாசிரியர் தயாநாராயண் நிகம் அவருக்கு உற்ற நண்பரானார். 1906இல் இளம் விதவையான சிவராணி தேவியை, உறவினரின் மனத்தாங்கலைப் பொருட்படுத்தாது மணந்தார். விதவை மறுமணம் பற்றிக் கதையில் எழுதியவர், அதனைத் தம் வாழ்விலும் செய்து காட்டினார்.

1908இல் 'சோஸே வதன்' என்னும் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. தாய்நாட்டுப் பற்றை உணர்த்தும் 5 கதைகள் கொண்ட சிறு நூல் அது. அப்போது அவர் பள்ளி ஆய்வாளராக ஹமீர்பூர் மாவட்டத்தில் பணிபுரிந்து வந்தார். மாவட்ட ஆட்சியரிடமிருந்து அழைப்பு வந்தது. இரவு முழுவதும் மாட்டுவண்டியில் பயணம் செய்து ஆட்சியரின் முகாமை அடைந்தார். மேசை மீது அவருடைய நூல் இருந்தது. கதைகள் ஒவ்வொன்றிற்கும் பொருள் கேட்கப்பட்டது. முகலாயர் ஆட்சியாக இருந்தால் கைகள் இரண்டும் துண்டிக்கப்பட்டிருக்கும் என்று அந்த ஆங்கில அதிகாரி எச்சரித்தார். விற்பனையாகாமல் எஞ்சியிருந்த ஏறத்தாழ 700 படிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு எரிக்கப்பட்டன. இனி எதை எழுதினாலும் அதிகாரியின் பார்வைக்கு வைத்த பின்பே அச்சிட வேண்டும் என்ற ஆணையும் பிறந்தது.

இது சிறு துன்பமன்று. எழுதினால் வேலை போகும். எழுதாதிருந்தால் உள்ளம் மாளும். வேலையை நம்பி ஒரு குடும்பம் இருந்தது. அவர் எழுத்தையும் விடவில்லை, அப்போதைக்கு வேலையையும் விடவில்லை. விட்டது தம் பெயரை மட்டுமே. 1910இல் நிகம் தேர்ந்து தந்த புதுப்பெயரே பிரேம்சந்த். வாசகரிடையே சில ஆண்டுகளாக ஈட்டிய நற்பெயரைத் துறந்து, அறிமுகமற்ற புதியவராக மீண்டும் தொடங்குவது எழுத்தாளருக்கு எத்துணை அரிய செயல் என்பதை எழுதுவோர் அறிவர்.

இரு மொழியின் பிள்ளை

உருதுவில் வளர்ந்த அவர் 1915 அளவில் இந்தியிலும் எழுதலானார். 'பஜாரே ஹுஸ்ன்' என்று உருதுவில் எழுதிய நாவலுக்குப் பதிப்பாளர் எளிதில் கிடைக்கவில்லை. அதுவே 'சேவாசதன்' என்னும் பெயரில் இந்தியில் முதலில் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. உருதுப் பதிப்பு 1924இல்தான் வந்தது. தமிழுக்கும் இந்நாவல் அறிமுகமானதே. கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாக நடித்து 1938இல் வெளிவந்த 'சேவாசதனம்' திரைப்படம் இக்கதையைத் தழுவியதாகும்.

மொழி மாறினார் என்று அவரைச் சிலர் குறை கூறுவர். உண்மையில் அவர் எந்த மொழியையும் கைவிட்டாரல்லர். பிற்காலத்திலும் இரு மொழிகளிலும் எழுதினார். பொதுமக்கள் பேசும் எளிய நடையே இரண்டிற்கும் பாலமாகும் என நம்பினார். இமாம் ஹுசைன் (ரலி) அவர்களின் தியாகத்தை இந்து வாசகரும் அறியவேண்டுமென்று 1924இல் 'கர்பலா' என்னும் நாடகத்தையும் படைத்தார். சமய வேற்றுமை மொழிகளைப் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில் இது துணிவான செயல்.

துறந்த பதவியும் வாட்டிய அச்சகமும்

1921 பிப்ரவரியில் கோரக்பூரில் காந்தியடிகள் உரையாற்றினார். பெருங்கூட்டத்தில் பிரேம்சந்தும் இருந்தார். அரசுப் பணியைத் துறக்குமாறு விடுக்கப்பட்ட அழைப்பு அவர் உள்ளத்தைத் தைத்தது. ஏறத்தாழ இருபதாண்டுப் பணி, குடும்பம், நலிந்த உடல்நிலை ஆகியன ஒருபுறம் நின்றன. மனைவியாருடன் கலந்து பேசிய பின் பணி விலகல் கடிதம் தந்தார். சிவராணி தேவியின் இசைவின்றி இம்முடிவு நிறைவேறியிராது. அவ்வம்மையாரே பின்னர் சிறுகதை எழுத்தாளராக விளங்கினார். 1930இல் விடுதலைப் போரில் சிறை சென்றார். கணவர் மறைந்த பின் அவருடைய இல்வாழ்க்கையைத் தனி நூலாகவும் எழுதினார்.

1923இல் வாரணாசியில் சரஸ்வதி அச்சகத்தைப் பிரேம்சந்த் நிறுவினார். 1930இல் 'ஹன்ஸ்' என்னும் திங்களிதழையும், பின்னர் 'ஜாக்ரண்' என்னும் வார இதழையும் நடத்தினார். அச்சகமும் இதழ்களும் அவர் நாவல்களால் வந்த வருவாயை விழுங்கின. ஆங்கில அரசு பிணைத்தொகை கேட்டுத் தொல்லை தந்தது. கடனை அடைக்கும் நோக்கில் 1934இல் ஆண்டுக்கு 8000 ரூபாய் ஒப்பந்தத்தில் பம்பாய்ப் படநிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். ஆலைத் தொழிலாளரின் துயர் பேசும் 'மஜ்தூர்' என்னும் படத்திற்குக் கதை எழுதினார். அப்படம் பம்பாயில் தடை செய்யப்பட்டது.

இங்கே ஒரு கசப்பான உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். தொழிலாளருக்காகப் பம்பாயில் கதை எழுதியவரின் சொந்த அச்சகத்தில் ஊதியம் கிடைக்காத தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பெரியோரின் வாழ்வை எழுதும்போது இத்தகைய செய்திகளை விட்டுவிடுவது வழக்கம். ஆயினும் இலட்சியத்திற்கும் கையிருப்பிற்கும் இடையே ஒரு நேர்மையாளர் எவ்வாறு நெருக்குண்டார் என்பதை இந்நிகழ்ச்சியே தெளிவாக உணர்த்துகிறது. திரையுலகம் அவருக்கு ஒவ்வவில்லை. ஒப்பந்த ஆண்டு முடியுமுன்னரே 1935 ஏப்ரலில் பம்பாயை விட்டு ஊர் திரும்பினார்.

ஹாமித் வாங்கிய இடுக்கி

அவருடைய எழுத்துக் கொள்கையை அறிய 1933இல் வெளிவந்த 'ஈத்காஹ்' என்னும் சிறுகதை ஒன்றே போதும். பெருநாள் தொழுகைக்குச் செல்லும் சிறுவன் ஹாமித் தாய் தந்தையற்றவன். பாட்டி அமீனா தந்த 3 பைசா மட்டுமே அவன் கையில் இருக்கிறது. மற்றச் சிறுவர்கள் பொம்மையும் இனிப்பும் வாங்குகிறார்கள். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல்கள் சுட்டுக்கொள்வதை எண்ணிய ஹாமித், பேரம் பேசி ஓர் இரும்பு இடுக்கியை வாங்கி வருகிறான். முதலில் கோபித்துக்கொண்ட பாட்டி, காரணம் அறிந்ததும் கண்ணீர் பெருக்கி அவனுக்காக இறைவனிடம் இறைஞ்சுகிறாள்.

இலக்கியத்தையும் பிரேம்சந்த் இவ்வாறே கண்டார் என்று நமக்குத் தோன்றுகிறது. பொம்மை அழகியது, விரைவில் உடைந்துபோவது. இடுக்கி அழகற்றது, ஆயினும் ஒருவருடைய கை சுடாமல் காப்பது. 1936 ஏப்ரலில் லக்னோவில் நடைபெற்ற முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய அவர், அழகு பற்றிய அளவுகோலையே மாற்றவேண்டும் என்று வலியுறுத்தினார். செல்வர் மாளிகையில் மட்டும் அழகைத் தேடாது, உழைப்போர் வாழ்விலும் காணவேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வாண்டே வெளிவந்த 'கோதான்' நாவலின் ஹோரி, ஒரு பசுவை வளர்க்க ஆசைப்பட்டுக் கடனில் மூழ்கி, இறுதியில் கூலியாக உழைக்கும்போது வீழ்ந்து மடியும் ஏழை உழவன்.

தாமும் எழுதுகோல் பிடித்த ஒரு கூலியாள் என்றே பிரேம்சந்த் கருதினார். உழைக்காத நாளில் உண்ணும் உரிமை தமக்கில்லை என எண்ணினார். பள்ளி வேலைக்கிடையிலும், ஊர் ஊராகச் செல்லும் ஆய்வுப் பணிக்கிடையிலும், வயிற்று நோய் வாட்டியபோதும் எழுதினார். அருள் வந்தால் எழுதுவோம் என்று காத்திருந்தாரல்லர்.

நிறைவுறாத நாவல்

1936இல் நோய் முற்றியது. 'ஹன்ஸ்' இதழுக்கு அரசு மீண்டும் பிணைத்தொகை கேட்டது. இதழின் பொறுப்பை அப்போது ஏற்றிருந்த அமைப்பு அதனை நிறுத்திவிட முடிவு செய்தது. நோய்ப்படுக்கையில் இருந்த பிரேம்சந்த், பிணைத்தொகையைத் தாமே கட்டச்செய்து இதழை மீட்டார். அதே படுக்கையில் 'மங்கள்சூத்ரா' என்னும் புதிய நாவலையும் எழுதத் தொடங்கினார்.

அந்நாவலின் தலைவன் தேவகுமார் ஒரு முதிய எழுத்தாளர். வாழ்நாளெல்லாம் எழுதிப் புகழ் பெற்றவர், பொருள் சேர்க்காதவர். முன்னொரு காலத்தில் அவர் குறைந்த விலைக்கு விற்றுவிட்ட சொத்தை வழக்காடி மீட்கவேண்டும் என்று வழக்கறிஞரான மூத்த மகன் நெருக்குகிறான். தாம் கடைப்பிடித்த அறம் சரியானதா, குடும்பத்தை வறுமையில் விட்டது பிழையா என்று அம்முதியவர் உள்ளம் போராடுகிறது. சில இயல்களோடு நாவல் நின்றுவிட்டது. 1936 அக்டோபர் 8ஆம் நாள் தம் 56ஆம் வயதில் பிரேம்சந்த் மறைந்தார்.

எழுத்து சோறு போடுமா என்னும் கேள்வியைப் பிரேம்சந்தும் இறுதிவரை தம்மையே கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு அந்நாவலே சான்று. எளிய விடை அவருக்கும் கிட்டவில்லை. ஆகவே மாணவச் செல்வங்களுக்கு நாமும் பொய்யான உறுதி தரமாட்டோம். எழுத்து செல்வம் தரும் என்று நாம் கூறவில்லை. ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், பட்டத்தை முயன்று பெறுங்கள், குடும்பக் கடமையை மறவாதீர்கள். பிரேம்சந்தும் இவற்றையெல்லாம் செய்தவரே. அவற்றுக்கிடையே நாள்தோறும் சிறிது நேரம் எழுதுகோலையும் கையில் எடுங்கள்.

பெற்றோருக்கும் பெரியோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை எழுதிய தாளைக் கண்டால், அமீனாப் பாட்டியைப் போல முதலில் கோபித்துக்கொண்டாலும், அது எதற்காக வாங்கிவந்த இடுக்கி என்று ஒருமுறை கேட்டறியுங்கள்.