தடமில்லாக் காட்டில் பொதி சுமந்தவர்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் நெடுஞ்சாலையில், ஹுன்னஸ்கிரியச் சந்தியிலே நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஒரு வழி பிரிகின்றது. மோட்டார் சைக்கிள்களில் வரும் இளைஞர்கள் அவ்வழியே கோர்பட்ஸ் கணவாயைக் கடந்து மீமுரேக் கிராமத்தை நாடுகின்றனர். அன்னிய நாட்டவரும் அவர்களுள் உளர். கல்லும் சேறும் மலிந்த கரடுமுரடான வழியே அவர்களுக்கு இன்பம். பதினேழாம் நூற்றாண்டிற் கண்டி இராச்சியத்துக் காடுகளைக் கால்நடையாக அளந்த ஓர் அன்னியருக்கோ, வழியின்மையே சிறைச்சுவராயிற்று. அவர்தாம் றொபேட் நொக்ஸ்.

1641இல் இலண்டனிற் பிறந்த நொக்ஸ், கப்பற்றலைவரான தந்தையுடன் கீழ்த்திசைக்கு வந்தார். மசூலிப்பட்டினத்திற் புயலாற் பாய்மரம் இழந்த அவர்களது கப்பல், திருக்கோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிற்று. 1660இல் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் மாலுமிகள் பலரையும் சிறைப்படுத்தினர். மறு ஆண்டே காய்ச்சலுக்குத் தந்தை பலியானார். சிறைப்பட்டபோது மைந்தருக்கு வயது பத்தொன்பதுதான்.

விலங்கும் இல்லை, கொட்டடியும் இல்லை. ஊருக்கு ஒருவராகக் கைதிகளைப் பிரித்து வைத்து, ஊரவரே சோறிடுமாறு பணித்தான் மன்னன். ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகளை அகலப்படுத்த அவன் இடங்கொடுக்கவில்லை. பாதை வாயில்களிலே முட்கதவும் காவலும் இருந்தன. கோட்டை மதிலினும் வலிய காவல் இது என்பது எம் கருத்து.

நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். ஒரு தொப்பியை ஈடாகக் கொடுத்து ஆங்கில விவிலிய நூலொன்றை வாங்கிய செய்தி உருக்கமானது. பின்னர்ப் பொதி வியாபாரம் அவருக்குக் கைகொடுத்தது. புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புப் பொருள்கள் ஆகியவற்றைச் சுமந்து, தோழர் ஸ்தீவன் ரட்லண்டுடன் வடபால் ஊர்களுக்குப் பலமுறை சென்றார். விற்றது பண்டம், தேடியது வழி. வறட்சி பலமுறை அவர்களைத் திருப்பியனுப்பிற்று.

1679 செப்டெம்பரில் எலதெத்தவிலிருந்த தம் வீட்டைவிட்டு இருவரும் இறுதியாகப் புறப்பட்டனர். அநுராதபுரம் வரை வணிகராகவே நடந்தனர். அதன்பின் மல்வத்து ஓயாவின் கரையே வழிகாட்டி. யானைகளுக்கு அஞ்சி இரவிலே தீ மூட்டினர். வன்னித் தமிழ் நிலத்தில், மரத்தடியிற் சோறாக்கிக்கொண்டிருந்த இரு பிராமணர் உதவினர். அக்டோபர் 18இல் மன்னாரை அடுத்த அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். நொக்ஸின் வாழ்நாளிற் சரிபாதி கண்டியிலேயே கழிந்திருந்தது.

1681இல் வெளிவந்த அவரது இலங்கை வரலாற்று நூல், உழவு, உணவு, சாதி, சடங்கு யாவற்றையும் கூறுவது. சிறைவைத்த நாட்டை இத்துணை நுணுகி நோக்கியவர் அரியர். ஆயினும், அடிமைகளை வாங்கி வருமாறு கிழக்கிந்தியக் கம்பெனி மடகாஸ்கருக்கு ஏவியபோது, அவரே கப்பலைச் செலுத்திச் சென்றார். பத்தொன்பது ஆண்டு சிறை அவர் கையைத் தடுக்கவில்லை. இதை மறைத்து அவரைப் போற்ற எமக்கு மனமில்லை.

1720இல் மறையும்வரை அவர் மணம் புரியவில்லை. முதுமையிலும் தம் நூற்பிரதியின் இடையிடையே தாள் சேர்த்துக் கண்டி நினைவுகளை எழுதிவந்தார். அவர் விரும்பிய இரண்டாம் பதிப்பு, அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.