மன்சோனியின் வீடு

இத்தாலியிற் பள்ளிக்கூடம் போன எவரையும் கேட்டுப் பாருங்கள். அலெசாந்திரோ மன்சோனியின் 'நிச்சயமான மணமக்கள்' என்ற நாவலைப் படித்தே வந்திருப்பார். அந்த நாவலாசிரியரின் வீட்டுக்கு இன்று உங்களை அழைத்துச் செல்கிறேன், வாசகர்களே.

1785 மார்ச் 7ஆம் திகதி மிலான் நகரிற் பிறந்தார். தாய் ஜூலியா, சித்திரவதைக்கும் மரண தண்டனைக்கும் எதிராக எழுதிப் புகழ்பெற்ற செசாரே பெக்காரியாவின் மகள். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தனர். ஆறு வயதிலேயே பிள்ளை விடுதிப் பாடசாலைக்குப் போயிற்று. 1805இற் பாரிசில் தாயோடு சேர்ந்தபோது அந்த இளைஞனிடம் விசுவாசம் அதிகம் எஞ்சியிருக்கவில்லை.

1808இல் கல்வீனிய சபையைச் சேர்ந்த என்றிக்கெற்றா புளொண்டெலை மணந்தார். மணமகளுக்கு வயது 16. இரண்டு ஆண்டுகளின் பின் மனைவி கத்தோலிக்கரானார். கணவரும் தாம் கைவிட்ட வேதத்துக்குத் திரும்பினார். அது எப்படி நடந்தது என்று பலர் பல கதை சொல்வர். அவரோ அதைப் பற்றிப் பேச விரும்பியதில்லை.

நத்தார், பாடுகள், உயிர்ப்பு முதலிய திருநாள்களுக்குப் பாக்கள் எழுதினார். 1827இல் நாவல் வெளிவந்தது. 17ஆம் நூற்றாண்டில், கிராமத்துப் பட்டுத் தொழிலாளி ஒருவனும் அவனுக்கு நிச்சயித்த பெண்ணும், ஊர்ப் பிரபு ஒருவனால் மணமுடிக்க முடியாமல் அலைகிறார்கள். பிரபுவின் அடியாட்களுக்குப் பயந்து திருமணத்தை நடத்த மறுப்பவர் அவர்களுடைய பங்குக் குருவே! அந்தப் பக்கங்கள் எங்களைப் போன்ற குருக்களுக்குச் சற்றுச் சுடும். 1630ஆம் ஆண்டின் கொள்ளைநோயை அவர் எழுதிய விதத்துக்கு ஈடு சொல்வது கடினம்.

பிறகு புளோரன்ஸ் மக்கள் பேசும் மொழிக்கேற்ப நாவல் முழுவதையும் திருத்தினார். களவுப் பதிப்புகளை முறியடிக்க எண்ணி, 1840இலிருந்து படங்களோடு சொந்தச் செலவில் வெளியிட்டுப் பெருநட்டப்பட்டார்.

ஆனால் வீடு? பத்துப் பிள்ளைகள் பிறந்தன. 1833ஆம் ஆண்டு நத்தார் தினத்திலேயே என்றிக்கெற்றா இறந்தார். நத்தாரைப் போற்றிப் பாடியவர், அந்த நத்தாரைப் பற்றி எழுதத் தொடங்கிய பாவை முடிக்க முடியாமல் விட்டார். அடுத்த ஆண்டு மூத்த மகள் ஜூலியா போனாள், 1841இல் கிறிஸ்தினா, 1845இற் சோபியா. 1837இல் அவர் மணந்த தெரேசா என்ற விதவைக்கும் பிள்ளைகளுக்கும் ஒத்துப்போகவில்லை. மகன் பிலிப்போ கடனாற் சிறை கண்டான்.

கடைசி மகள் மத்தில்டா, தமக்கை விற்றோரியாவுடன் ரஸ்கனியில் இருந்தாள். காசநோய்க்காரி. தகப்பனைப் பார்க்க ஏங்கிக் கடிதங்கள் எழுதினாள். வருகிறேன், வருகிறேன் என்று பதில் வந்ததேயொழிய அவர் வரவில்லை. 1856இல், 25 வயதில், அவள் கண்மூடினாள். தனியே வெளியிற் போகவும் அஞ்சும் நரம்புத் தளர்ச்சி அவருக்கு நெடுங்காலம் இருந்தது உண்மை. ஆனாலும், ஏழைப் பெண்ணொருத்தியின் கண்ணீரை அவ்வளவு நுட்பமாக அறிந்த பேனா, சொந்த மகளுக்குச் சாக்குப்போக்கு எழுதியதை என் மனம் இலேசில் ஏற்கவில்லை.

1873 ஜனவரி 6ஆம் திகதி சான் பெதேலே கோவிற் படியில் விழுந்து தலையில் அடிபட்டார். அருகிருந்து பராமரித்த மூத்த மகன் பியேற்றோ ஏப்ரலில் இறந்தான். தகப்பன் மே 22இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அதே நாளில், அவர் நினைவாக வேர்டி இயற்றிய இரங்கற் பூசை இசை மிலான் சான் மார்க்கோ கோவிலில் முதன்முதல் ஒலித்தது. பத்துப் பிள்ளைகளில் அன்று உயிரோடிருந்தவர்கள் விற்றோரியாவும் என்றிக்கோவும் மாத்திரமே.