ரிக்கார்டு ரூமிலிருந்து வந்த நீதிமான்



மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்ற பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது என்ன? தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்', வெளிவந்த ஆண்டு 1879. ஸ்கூலில் ஒரு மார்க் கேள்வி. விடை எழுதியாச்சு, மார்க் வாங்கியாச்சு, மனுசனை மறந்தாச்சு!

ஆனால் அவருடைய பிழைப்பு நாவல் எழுதுவது இல்லைங்க. கோர்ட்டு உத்தியோகம்தான். அதுவும் எடுத்த எடுப்பில் நீதிபதி நாற்காலி கிடைத்துவிடவில்லை. கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழைய காகிதங்களுக்கு நடுவே, ரிக்கார்டு கீப்பராகத்தான் அவர் வாழ்க்கையைத் தொடங்கினார். அந்தக் கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூர் என்ற ஊரில் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் முறையாகப் படித்தார். அதன்பின் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர் வேலை. இதென்ன பெரிய வேலை என்று நினைக்காதீர்கள். பிராது, சாட்சி, பத்திரம் என்று ஒரு வழக்கின் உயிரே அந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறது. ஒரு தாள் இடம் மாறினால் போதும், ஓர் ஏழைக் குடியானவனின் காடு தோட்டம் கை மாறிப் போய்விடும்!

அடுத்து அதே கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் பதவி. சாட்சி சொல்கிறவர் தமிழில் சொல்வார், தீர்ப்புச் சொல்கிற வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் கேட்பார். நடுவில் நிற்கிறவர் ஒரு வார்த்தை பிசகினால் தீர்ப்பே பிசகிவிடும். இந்த இரண்டு வேலைகளிலும் பழகியவர் 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு மாயூரத்தில் பல ஆண்டுகள் முன்சீப். ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை எல்லாம் முதலில் வந்து நிற்பது முன்சீப் கோர்ட்டில்தான். லஞ்சத்துக்கு வழி இருக்கும் இடமும் அதுதான். 1859இல் வெளியிட்ட 'நீதிநூல்' என்ற செய்யுள் நூலில் லஞ்சம் வாங்குவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே உத்தியோகஸ்தர்களைக் கண்டிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

என்னை மிகவும் கவர்ந்த செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்தக் காலத்தில் மேல்கோர்ட்டுத் தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. எந்தச் சட்டப்படி தன் நிலம் போனது என்றுகூட வழக்குப் போட்டவனுக்குத் தெரியாது. வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார். அப்படிச் செய்யச் சொல்லி அவர் சம்பளத்தில் எழுதியிருக்கவில்லை. தமிழர் வழக்கைத் தமிழர் வக்கீல் தமிழர் முன்னிலையில் ஆங்கிலத்தில் வாதாடும் கூத்தைத் தம் நாவலிலும் கிண்டல் செய்தார்.

1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சம். நம்ம கோவை, சேலம் ஜில்லாக்களையும் உலுக்கி எடுத்த பஞ்சம் அது. அப்போது அவர் பதவியில் இல்லை. இருந்தும் சும்மா இருக்கவில்லை. சொந்தப் பொருளைச் செலவழித்து, பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனையே பாடினார். மாயூரம் நகராட்சித் தலைவராகவும் ஊருக்கு உழைத்தார். பெண்கள் படிக்க வேண்டும் என்று எழுதியதோடு நிற்காமல், அதற்குப் பள்ளிக்கூடம் அமைக்கவும் பாடுபட்டார். 1889 ஜூலை 21இல் மறைந்தார்.

சரி, கோர்ட்டுக்காரர் கதை டிப்ளமோ படிக்கிற நமக்கு எதற்கு?

நண்பர்களே, நம்மில் பாதிப்பேர் கிராமத்தில் தமிழ் மீடியம் படித்து வந்தவர்கள். முதல் வருசம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மோட்டாரைக் கழற்றி மாட்டுவதில் கில்லாடி. கிணற்று மேட்டில் வளர்ந்த பையனுக்கு அது கைவந்த கலை. ஆனால் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மூன்றாம் மாதமே டி.சி. வாங்கிப் போய்விட்டான். இன்று பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறான். தறி ஓட்டுவது கேவலம் என்று சொல்ல வரவில்லை. அவனுக்குப் புரியாமல் போனது மொழிதான், மோட்டார் இல்லை. அதுதான் என் மனதை அறுக்கிறது.

தமிழில் தொழில்நுட்பம் முடியாது என்று சொல்வார்கள். ஜி.ஆர். தாமோதரன் அவர்கள் இதே கோயம்புத்தூரில் 'கலைக்கதிர்' நடத்தி, முடியும் என்று காட்டினார். உச்ச நீதிமன்றமும் 2019 முதல் தன் தீர்ப்புகளை மாநில மொழிகளில் பெயர்த்து வெளியிடுகிறது. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் ஒரு முன்சீப் தனி ஆளாகத் தொடங்கிய வேலை அது!

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேதநாயகம் பிள்ளையே ஆங்கிலத்தை நன்றாகக் கற்றதால்தான் அதைத் தமிழுக்குக் கொண்டுவர முடிந்தது. தனக்குப் புரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், புரியாதவனுக்கும் கொடுத்தாரே, அதுதான் அவருடைய பெருமை.

நாமும் செய்யலாமுங்க. சீனியர்கள் ஆளுக்கு ஒரு பாடம் எடுத்துக்கொண்டு, தமிழில் நோட்ஸ் எழுதி, மாணவர் மன்றத்தில் ஒரு பீரோவில் வைத்தால் போதும். அடுத்த வருசம் வருகிற தம்பி தங்கைகளில் ஒருத்தர்கூட மொழிக்குப் பயந்து டி.சி. வாங்கக் கூடாது. வொர்க்‌ஷாப் முதல் பாடத்தை எழுத நான் தயார். நீங்கள்?