பண்டித ரமாபாய் அம்மையார்

செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளால் வாழும் நாடு. மதுராந்தகத்துப் பேரேரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அவ்வட்டாரத்து உழவர் முகம் மலரும். வானம் பொய்த்தால் ஏரியின் அடிமண் வெடிக்கும்; கிணறுகள் வற்றும்; ஊர் கலைந்துபோகும். 1876-ஆம் ஆண்டில் பருவமழை அவ்வாறு பொய்த்தது. அது தாது வருடம். ஆதலின் அதனை ஒட்டி வந்த கொடுமையைத் தாது வருடப் பஞ்சம் என்றே நம் முன்னோர் வழங்கினர். தென்னாட்டிலும் தக்காணத்திலும் அப்பஞ்சத்திற்கு இரையானோர் 50 லட்சத்திற்கு மேற்பட்டவர் என்பர். மாமல்லபுரத்துக் கரையை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, பசித்தவர்க்குக் கூலி கொடுக்கும் பொருட்டுச் சென்னை நகரினூடே 1877-78-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டதேயாம்.

மண் சுமந்து கூலி பெற்றவர் ஒருவாறு பிழைத்தனர். மண் சுமக்கப் பழகாமலும், இரந்து உண்ண நாணியும் மடிந்தவர் பலர். அத்தகைய குடும்பம் ஒன்று அந்நாளில் சென்னை மாகாணத்தில் வீடின்றி அலைந்து கொண்டிருந்தது. அக்குடும்பத்தின் கடைசி மகளே பண்டித ரமாபாய் அம்மையார்.

ரமாபாயின் தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே என்னும் மராட்டிய அந்தணர். வடமொழிக் கடலை நிலைகண்டவர். பெண்கள் வடமொழி கற்றலாகாது என்று சான்றோரும் கருதிய அக்காலத்தில், தம் மனைவியார் இலட்சுமிபாய்க்கு அவர் அம்மொழியைக் கற்பித்தார். உறவினரும் ஊராரும் வெகுண்டனர். அவரோ தம் கொள்கையை விடாமல், மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள கங்காமூலம் என்னும் காட்டிற்குச் சென்று குடில் அமைத்து வாழ்ந்தார். அங்கே 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் ரமாபாய் பிறந்தார். சில மாதங்களிலேயே பொருள் வறண்டு குடில் கலைந்தது. குழந்தையைப் பிரம்புப் பெட்டியில் வைத்துச் சுமந்துகொண்டு அக்குடும்பம் தீர்த்த யாத்திரை புறப்பட்டது. கோயில்களிலும் ஆற்றங்கரைகளிலும் அமர்ந்து புராணம் படிப்பர். கேட்போர் அளிப்பதைக் கொண்டு உண்பர். தாயே ஆசிரியர்; மரநிழலே பள்ளி. பாகவதத்தின் 18,000 சுலோகங்களையும் ரமாபாய் இளமையிலேயே மனப்பாடம் செய்தார்.

பஞ்சம் வந்தபொழுது புராணம் கேட்பாரும் இலர், கொடுப்பாரும் இலர். நகைகளும் பாத்திரங்களும் விற்றுத் தீர்ந்தன. கடைசி அரிசியும் தீர்ந்த இரவில், அறிந்தவர் முன் வறுமையால் தலைகுனிவதினும் காட்டில் மடிதல் நன்று என்று துணிந்து, திருப்பதி மலைக்காட்டினுள் அனைவரும் புகுந்தனர். பதினொரு நாட்கள் நீரும் இலைகளும் காட்டு ஈச்சம்பழமுமே அவர்களுடைய உணவாயின. முதியவரான சாஸ்திரியார் புனிதக் குளம் ஒன்றில் மூழ்கி உயிர்விட எண்ணினார். மகன் சீனிவாசர் தடுத்து, எந்தக் கூலி வேலையாயினும் செய்து காப்பதாக உறுதி கூறித் திரும்ப அழைத்துவந்தார். எனினும் காலம் கடந்துவிட்டது. தந்தையார் சில நாட்களில் காலமானார். சில மாதங்களில், இராய்ச்சூரில், தாயாரும் பட்டினிப் பிணியால் இறந்தார். பாடை சுமக்க நால்வர் கிடைக்கவில்லை. இரங்கி வந்தவர் இருவர், சீனிவாசர் மூன்றாமவர், ரமாபாய் நான்காமவர். உயரம் குறைந்த அப்பெண், தோளுக்கு எட்டாத பாடையைத் தலைமேல் தாங்கி நெடுந்தொலைவு நடந்தார். பின்னர்த் தமக்கையாரும் வாந்திபேதியால் மாண்டார்.

எஞ்சிய இருவரும் வடதிசை நோக்கி நடந்தனர். அவர்கள் கால்நடையாகக் கடந்த தொலைவு 4,000 மைலுக்கும் மிகுதி. பஞ்சாபின் கடுங்குளிரில் போர்வையின்றி, ஜீலம் ஆற்றங்கரை மணலில் சவக்குழி போன்ற குழிகளைத் தோண்டித் தலைமட்டும் வெளியே தெரிய மணலால் உடலை மூடிக்கொண்டு இரவைக் கழித்ததும் உண்டு. நோன்பும் தீர்த்தமும் தம் பெற்றோரைக் காவாமற் போனது ஏன் என்னும் வினா அந்நடையிலேதான் அவர் உள்ளத்தில் முளைத்தது.

1878-ஆம் ஆண்டில் இருவரும் கல்கத்தாவை அடைந்தனர். அங்கிருந்த அறிஞர்கள் ரமாபாயின் வடமொழிப் புலமையைச் சோதித்து வியந்து, பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை அளித்தனர். நாடெங்கும் அவர் பெயர் பரவிற்று. ஆனால் துயரம் அவரைத் தொடர்ந்து வந்தது. 1880-இல் தமையனார் இறந்தார். அதே ஆண்டில், சாதி வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல், விபின் பிகாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரை மணந்தார். இரண்டாண்டுகள் முற்றுப்பெறுமுன் கணவரும் வாந்திபேதிக்கு இரையானார். இருபத்து மூன்று வயதில், கைக்குழந்தை மனோரமையுடன் அவர் தனித்து நின்றார்.

அழுதுகொண்டு மூலையில் அமர்வதே அக்காலத்துக் கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்டது. ரமாபாய் புனாவிற்குச் சென்று பெண்கள் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். மருத்துவம் கற்க விரும்பி 1883-இல் இங்கிலாந்து சென்றார். வாண்டேஜ் என்னும் ஊரில் கிறித்தவத் துறவுப் பெண்டிர் அவருக்கு இடம் அளித்தனர். இலண்டனில் அவர்கள் நடத்திய இல்லம் ஒன்றை அவர் கண்டார். வழி தவறியவர் என்று உலகம் ஒதுக்கிய பெண்களைச் சகோதரிகள் அன்புடன் பேணி நல்வாழ்வுக்கு மீட்கும் இடம் அது. இத்தகைய இரக்கம் எங்கிருந்து வந்தது என்று வினவியபொழுது, கிணற்றங்கரையில் சமாரியப் பெண்ணொருத்தியிடம் இயேசுபெருமான் பேசிய வரலாற்றை அவர்கள் எடுத்துரைத்தனர். பலரால் இகழப்பட்டவளையும் இகழாத ஒருவர் உண்டு என்பது அவர் நெஞ்சைத் தொட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் அவர் மகளுடன் திருமுழுக்குப் பெற்றார்.

அத்துடன் அமைதி வந்துவிட்டது என்று எண்ணலாகாது. தம் அறிவுக்கு ஒவ்வாத கோட்பாடுகளைப் பற்றி அவர் தம் ஆசிரியைகளுடனேயே ஓயாது வாதிட்டார். ஒரு சபைக்கும் தம் மனச்சான்றை ஒப்படைக்க அவர் இசையவில்லை. சமயத்தைக் கண்டபின்னும் கிறித்துவைக் காணாதிருந்ததாகவே பிற்காலத்தில் அவர் கருதினார். பழைய பஞ்சத்தின் அச்சமும் இழப்பின் சுமையும் நீங்கி உள்ளம் இளைப்பாற, திருமுழுக்குக்குப் பின் எட்டு ஆண்டுகள் சென்றன. தாமதமாக வந்த அவ்வமைதி பின்னர்க் கலையவே இல்லை.

இதற்கிடையில் அவர் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றி நிதி திரட்டி, 1889-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் பம்பாயில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதனம் என்னும் பள்ளியைத் திறந்தார். அடுத்த ஆண்டு அது புனாவிற்கு மாறியது. மாணவியர் சிலர் அவருடைய வழிபாட்டில் கலந்துகொள்ளத் தொடங்கியதும் பெரும் பூசல் எழுந்தது. திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கிற்று. துணைநின்ற ரானடே, பண்டார்கர் முதலியோரும் 1893-இல் விலகினர். பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். நம்பி ஒப்படைத்த பெண்கள் மதம் மாறுவரோ என்று அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. தம் அறைக் கதவை மூடிக்கொண்டு வழிபட ரமாபாய் மறுத்ததிலும் வியப்பில்லை.

1896-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. செய்தி கேட்ட ரமாபாய்க்குத் திருப்பதிக் காடு மீண்டும் கண்முன் நின்றது. உடனே புறப்பட்டார். எலும்பும் தோலுமாய், புண்ணும் பேனுமாய்க் கிடந்த சிறுமியரையும் இளங்கைம்பெண்களையும் திரட்டினார். ஏறத்தாழ 300 பேரை அழைத்துவந்தார். புனாவில் அப்பொழுது பிளேக் நோய்க் கட்டுப்பாடு இருந்தமையால் இவர்களை அங்கே வைக்க இயலவில்லை. புனாவிலிருந்து முப்பது மைலுக்கு மேற்பட்ட தொலைவில், கேட்காவ் என்னும் ஊரில், பள்ளியின் செலவுக்காகப் பழத்தோட்டம் போட வாங்கிய நிலம் 100 ஏக்கர் இருந்தது. அங்கே குடிசைகள் எழுந்தன, கிணறுகள் தோண்டப்பட்டன. முன்னரே கற்றுத் தேறிய பெண்கள் ஆளுக்குச் சில சிறுமியரை ஏற்றுக் குளிப்பாட்டித் தலைவாரி உணவூட்டினர். அவ்விடத்திற்கு 'முக்தி' என்று அம்மையார் பெயரிட்டார். 1900-இல் குஜராத்துப் பஞ்சத்தின்போது மேலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர்.

அவர்களை வெறுஞ்சோற்றுக்குக் காத்திருக்கும் கூட்டமாக அவர் வைக்கவில்லை. நெசவு, தையல், உழவு, பால்பண்ணை, எண்ணெய் ஆட்டுதல், அச்சுத்தொழில் எல்லாம் பெண்களே கற்றனர். பார்வையற்றோர்க்கு மனோரமை தடவிப் படிக்கும் எழுத்தைக் கற்பித்தார். மீட்கப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதனம் என்னும் தனி இல்லம் அமைந்தது.

பிற்காலத்தில் அம்மையார், விவிலியத்தை எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து எளிய மராத்தியில் பெயர்க்கும் பணியை மேற்கொண்டார். அதற்காகவே அம்மொழிகளைக் கற்றார். முதிர்ந்த வயதில் காது கேளாமை அவரை வருத்தியது. 1921-இல் அருமை மகள் மனோரமையும் இறந்தார். தாம் பெற்ற மகளையும் பறிகொடுத்த அம்மையார் மேசையை விட்டு எழவில்லை. மொழிபெயர்ப்பை நிறைவுசெய்து, 1922-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் உயிர் துறந்தார். முழு நூலும் 1924-இல் முக்தியின் அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது. அங்கே எழுத்துக் கோத்தவர்களும் தாள் மடித்தவர்களும் முக்தியில் வளர்ந்த பெண்களே.